வேலை தேடி நம் ஊருக்கு வந்த பெண்களுக்கு ஆதரவுக் குழு தொடங்குவது எப்படி

மருந்துக்கடை வாசலில்தான் இது தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். இருபது வயதுகூட இருக்காது, ஆறு மாத வயிறு, ஒரு பெண் கடைக்காரரிடம் இடுப்பைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாயு மாத்திரையை எடுத்து நீட்டினார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "தர்த் கஹாங் ஹே?", எங்கே வலி, என்று கேட்டேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒடிசாவிலிருந்து கணவனோடு ஹாலோபிளாக் கம்பெனி வேலைக்கு வந்தவள். நான்கு மாதமாக ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறுநீர்த் தொற்று, கூடவே காய்ச்சல். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் குழந்தைக்கே ஆபத்தாகியிருக்கும்.

நான் நர்ஸ். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் வடக்குப் பக்கம் இருக்கும் வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற பகுதியில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் டொமினிகன் குடியரசுக்காரர்கள். கரீபியன் கடலில் ஹைத்தியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொண்ட நாடு அது. 1961இல் சர்வாதிகாரி ட்ருஹியோ கொல்லப்பட்டார். 1965இல் உள்நாட்டுச் சண்டையும் அமெரிக்கப் படையும் வந்தன. அதற்குப் பிறகு அலை அலையாக ஜனங்கள் நியூயார்க்குக்கு வந்தார்கள். பெண்கள் தையல் ஃபாக்டரியில், வீட்டு வேலையில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார்கள். நான் அங்கே முதலில் படித்த ஸ்பானிஷ் வாக்கியமே "தோந்தே லே துவேலே?" என்பதுதான். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். என்னோடு இரவு ஷிஃப்ட் பார்த்த டொமினிகன் அக்கா ஒருவர் பெண் நோயாளிகளை எல்லாம் "மிஹா" என்று கூப்பிடுவார், என் மகளே என்று. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் "மக்களே" என்கிறோமே, அப்படி. அவர் வீட்டில் முதல்முறை சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் வந்தது அவித்த மரச்சீனிக்கிழங்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்தான் என்னை டொமினிகன் பெண்கள் வளர்ச்சி மையத்துக்குக் கூட்டிப் போனார். 1988இல் அந்தப் பகுதியின் டொமினிகன் பெண்களே சேர்ந்து தொடங்கிய அமைப்பு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, ஆங்கில வகுப்பு, வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குத் துணை என்று பல வேலை. என் மனதில் நின்றது ஒன்றுதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் எழுதுகிறவள், சில வருடம் முன்பு இந்தப் பக்கம் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவள். நம் ஊரில் தொடங்கும்போது அப்படி அமையாது, நாம் உள்ளூர்க்காரிகள். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வழிமுறை எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

புதிதாகச் சங்கம் எதுவும் பதிவு செய்ய வேண்டாம். உங்கள் தெருவில் ஏற்கெனவே ஒரு மகளிர் சுய உதவிக் குழு இருக்கும். அதில் ஐந்து பேர் போதும். எங்கள் குழுவில் இந்தப் பேச்சை எடுத்தபோது முதலில் யாருக்கும் இஷ்டமில்லை. "நமக்கே ஆயிரம் கஷ்டம், இந்திக்காரிகளுக்கு எதுக்கு?" என்றார்கள். அப்போது ஒரு மயினிதான் பேசினார். அவர் கணவர் மீன்பிடிக்க வளைகுடாவுக்குப் போனவர். "எங்க வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டை ஆறு வருஷம் அரபாப், அதான் அங்கத்த முதலாளி, பூட்டி வச்சிருந்தான். அம்மா செத்ததுக்கு வர முடியல. இங்க அந்தப் பிள்ளையளோட ஆதார் கார்டை காண்ட்ராக்டர் வாங்கி வச்சிருக்கான். ரெண்டும் ஒண்ணுதானே?" அவ்வளவுதான், அறை அமைதியாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. நர்ஸ், கொத்தனார், மீனவர், வீட்டு வேலைக்காரி, யாராவது ஒருவர் போயிருப்பார்கள். அந்தக் கதையை முதலில் பேசவிடுங்கள். இரக்கத்தைச் சொல்லி ஆள் சேர்த்தால் ஒரு மாதம்தான் ஓடும்.

இரண்டாவது வேலை, கணக்கெடுப்பது. நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகாதீர்கள், பயந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில், மருந்துக்கடையில், போன் ரீசார்ஜ் கடையில் நின்றாலே தெரிந்துவிடும் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று. தோவாளைப் பக்கம் என்றால் செங்கல் சூளை, கடலோரம் என்றால் மீன் கம்பெனி, எங்கள் பக்கம் கட்டட வேலையும் ஹாலோபிளாக்கும். ஆண்கள் கண்ணில் படுவார்கள். பெண்கள் தகர ஷெட்டுக்குள் இருப்பார்கள்.

நாங்கள் முதலில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் பழைய சேலை, அரிசி, சோப்பு எல்லாம் சேர்த்து ஷெட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். குழுவில் ஒருத்தி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். அந்தப் போட்டோ எப்படியோ சுற்றி ஒரு பெண்ணின் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அவள் அவர்களுக்குத் தெரியாமல் கணவனோடு கிளம்பி வந்தவள். ஒரே வாரத்தில் இருவரும் இந்த ஊரை விட்டே போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு எங்கள் குழுவில் போட்டோ என்ற பேச்சே கிடையாது. நீங்களும் முதல் நாளே இந்த விதியைப் போடுங்கள்.

பொருள் கொடுப்பதையும் நிறுத்திவிட்டோம். பதிலாக ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம் என்று வைத்துக்கொண்டோம். ஞாயிறு மதியம் மூன்று மணி. மழையானாலும் கல்யாணமானாலும் இரண்டு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் ஐந்து ஞாயிறு ஒருவரும் வரவில்லை. ஆறாவது ஞாயிறு ஒருத்தி வந்தாள், பேசவில்லை, சாயா குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இடம் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. கோயில் மண்டபமும் வேண்டாம், சர்ச் ஹாலும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும், மின்விசிறி இருக்கும், எல்லாம் சரிதான். ஆனால் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். மதம் மாற்றுகிறார்கள் என்றோ, வேறு எதற்கோ ஆள் சேர்க்கிறார்கள் என்றோ ஒரு பேச்சு கிளம்பினால் அந்தப் பெண்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். ஊர் நூலகம், அங்கன்வாடி, இல்லாவிட்டால் குழுவில் ஒருத்தியின் வீட்டு வராந்தா. எங்களுக்கு வராந்தாதான்.

வெளியூர்ப் பெண்கள் ஒரு இடத்தில் கூடுவது சிலர் கண்ணை உறுத்தும். அந்த இரவு ஷிஃப்ட் அக்காவின் தங்கை ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்தில் வீட்டு வேலை செய்தவர். அங்கே டொமினிகன் வேலைக்காரப் பெண்களுக்கு வியாழக்கிழமை ஓய்வு. அரவாக்கா என்ற இடத்தில் ஒரு சதுக்கத்தில் கூடி ஊர்க்கதை பேசுவார்கள், சாப்பாடு பகிர்வார்கள், வேலை விசாரிப்பார்கள். அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு வளர்ந்தது. 1992 நவம்பர் 13ஆம் தேதி இரவு, அரவாக்காவில் பாழடைந்த ஒரு கட்டடத்தில் தங்கியிருந்த லுக்ரேசியா பெரேஸ் என்ற டொமினிகன் பெண்ணைச் சுட்டுக் கொன்றார்கள். வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. ஊரில் ஒரு மகள். சுட்டவன் ஒரு போலீஸ்காரன், கூட மூன்று இளைஞர்கள். மாட்ரிட் டொமினிகன் பெண்கள் அதோடு ஒளிந்துகொள்ளவில்லை, சங்கமாகச் சேர்ந்தார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் தொடங்குவதற்கு முன்பே ஒரு மாலை நேரம் நடந்து போய் நான்கு பேரிடம் சொல்லிவிடுங்கள்: வார்டு உறுப்பினர், பக்கத்து சாயாக்கடைக்காரர், கிராம சுகாதார செவிலியர், காவல் நிலையம். அனுமதி கேட்பது போல வேண்டாம். "ஞாயிறு எங்க வீட்டுல பொம்பளைங்க கூடுவோம், எதாவது பேச்சு வந்தா எங்ககிட்ட கேளுங்க" என்றால் போதும். எங்களுக்குச் சாயாக்கடைக்காரர்தான் பெரிய பாதுகாப்பு. யாராவது அசிங்கமாகப் பேசினால் அவரே அதட்டிவிடுவார்.

பாஷை. இதற்கு வழி ஒன்றுதான், அவர்களிலேயே ஒருத்தி. கொஞ்சம் தமிழ் பிடித்துக்கொண்ட பெண் ஒருத்தி நிச்சயம் இருப்பாள். எங்களுக்குக் கிடைத்தவள் பக்கத்து ஊரில் கட்டட வேலைக்கு வந்த ஒடியாக்காரி, மூன்று வருடமாக இங்கே இருப்பவள். அவளைச் சும்மா கூப்பிடாதீர்கள். அவளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க, சமைத்து வைக்க. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள், மாதம் முடிந்ததும் தவறாமல். ஆரம்பத்தில் நாங்கள் கொடுக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. வீட்டுக்காரன், காண்ட்ராக்டர், பத்து வயதுப் பிள்ளை, இவர்களை ஒருபோதும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கணவனை வைத்துக்கொண்டு எந்தப் பெண் தன் வயிற்று வலியின் உண்மையான காரணத்தைச் சொல்லுவாள்?

மனம்விட்டுப் பேசவைக்க ஒரு வழி சாப்பாடு. ஒருநாள் நான் பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஒடியாக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவர்கள் ஊரில் அதற்கு பகாள் என்று பெயராம், வெயில் காலத்தில் அதுதான் சாப்பாடாம். அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் பழங்கஞ்சி, சுட்ட கருவாடு, சின்ன உள்ளி. அன்றைக்குப் பேசியதுபோல அதுவரை பேசியதில்லை.

கூடப் போவது

வேலையில் முக்கால்வாசி இதுதான். "அந்த ஆபீஸுக்குப் போ, இந்த பேப்பரைக் கொடு" என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் போக மாட்டார்கள், போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு உள்ளூர்ப் பெண் பக்கத்தில் நின்றாலே கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரின் குரல் மாறிவிடும். இது நியாயமில்லைதான், ஆனால் நடப்பது இதுதான்.

கர்ப்பிணி என்றால் முதல் நாளே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்குங்கள். எந்த மாநிலத்துப் பெண்ணாக இருந்தாலும் பதியலாம். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்பார்கள். பிரசவம் தக்கலை அரசு மருத்துவமனையிலோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ பார்த்துக்கொள்ளலாம். வலி எடுத்தால் 108 என்று ஷெட் சுவரில் கரிக்கட்டையால் பெரிதாக எழுதி வையுங்கள். ஷெட்டுக்குப் போகும் வழியை அவளுக்குத் தமிழில் சொல்லத் தெரியாது. அதனால் பக்கத்துக் கடையின் பெயரையும் தமிழில் சொல்லப் பழக்கிவிடுங்கள்.

பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம். அங்கே ஒரு விஷயத்தில் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும், பெயர் எழுத்து. தாயின் பெயரைக் காதால் கேட்டு எழுதினால் தமிழ்ப்பெயர் போல ஏதோ ஒன்றாகிவிடும். நான் பார்த்த மூன்றில் இரண்டு சான்றிதழ் அப்படித் தவறாக இருந்தது. ஊருக்குப் போய் ஐந்து வருடம் கழித்து ஸ்கூலில் சேர்க்கும்போது அந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்றே நிரூபிக்க முடியாது. ஆதார் கார்டின் நகலைக் கையில் கொடுத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டுத்தான் நகருங்கள். குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்றால் பரவாயில்லை, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

ரேஷன் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொந்த மாநிலத்தில் கார்டு இருந்தால், பெயர் ஆதாரோடு இணைந்திருந்தால், இங்கே எந்தக் கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். கார்டை மாற்ற வேண்டாம். பங்கில் ஒரு பகுதியை இவர்கள் இங்கே வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கும் மாமியார் அங்கே வாங்கலாம். சிக்கல் எங்கே என்றால், சிமென்ட் வேலை செய்கிற கையில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் எடுக்காது. முந்தின நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்து, காலையில் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கள் காலை போவது நல்லது. ஒரு விரல் எடுக்காவிட்டால் மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பள்ளிக்கூடம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் உண்டு, தாய்மாருக்கு அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. சின்னப் பிள்ளைகளை அங்கன்வாடியில் விடுங்கள். இதில் பெரிதாகச் சிக்கல் வருவதில்லை. பிள்ளைகள் மூன்று மாதத்தில் நம்மைவிட நன்றாக நாகர்கோவில் தமிழ் பேசுவார்கள்.

சம்பளம்

ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சின்ன நோட்டு இருக்க வேண்டும். தேதி, என்ன வேலை, எத்தனை கல், கையில் வாங்கியது எவ்வளவு, ஊரிலிருந்து வரும்போது வாங்கிய முன்பணம் எவ்வளவு. எழுதத் தெரியாதவள் கோடு போடட்டும். சூளைகளில் கணவன் மனைவி இருவர் உழைப்பும் கணவன் பெயரில் ஒரே கணக்காக ஓடும். அவள் கையில் ஒன்றும் வராது. அதனால் அவள் பெயரில் தனிக் கணக்கு எழுதுவதே ஒரு பெரிய மாற்றம். கட்டட வேலை என்றால் அவளைத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியப் பாருங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையை இ-சேவை மையத்திலேயே எடுத்துவிடலாம்.

ஆதார் அட்டையை காண்ட்ராக்டர் வாங்கி வைத்திருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். "டாக்டர்கிட்ட காட்டணும், ஒரிஜினல் வேணும்" என்று ஐந்து பெண்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கிடைத்தது. முன்பணத்தைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம். அது கொத்தடிமை, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நேராக பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகமோ நாகர்கோவில் கோட்டாட்சியர் அலுவலகமோ போக வேண்டும், எழுத்தில் கொடுக்க வேண்டும். வக்கீல் செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

அடி வாங்கும் பெண்

இதில் அவசரப்படவே கூடாது. அவள் சொன்ன அன்றே "போலீஸுக்குப் போகலாம் வா" என்று இழுத்தால் அடுத்த ஞாயிறு வர மாட்டாள். முதலில் கேளுங்கள். அப்புறம் அவளுக்கு என்ன பயம் என்று கேளுங்கள். நியூயார்க்கில் டொமினிகன் பெண்களுக்குப் பயம் விசா. "புருஷனை விட்டு வந்தா நாடு கடத்திருவாங்க" என்று நினைப்பார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன் அடித்தால், அவன் தயவு இல்லாமல் அவளே விண்ணப்பிக்கலாம் என்று 1994இல் அங்கே சட்டம் வந்தது. அதை அவளுக்குப் புரியவைப்பதுதான் அந்த மையத்துப் பெண்களின் பெரிய வேலை. இங்கே விசா இல்லை, ஆனால் பயம் அதேதான். "என் கேஸ் எங்க ஊர்லதானே போடணும்?" இல்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவி எண் 181க்கு ராத்திரியிலும் போன் போடலாம். இந்த எண்ணைப் பேப்பரில் எழுதிக் கொடுக்காதீர்கள், அவன் கண்ணில் படும். மனப்பாடம் பண்ண வையுங்கள், மூன்று எண்தானே.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25 அன்று எங்கள் வராந்தாவில் ஒரு கதை சொல்லுவேன். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாள் என்று ஐ.நா. சபை 1999இல் அறிவித்த நாள் அது. அந்தத் தேதி டொமினிகன் நாட்டு மிராபல் சகோதரிகளின் நாள். பாத்ரியா, மினெர்வா, மரியா தெரேசா. ட்ருஹியோவை எதிர்த்ததற்காக 1960 நவம்பர் 25 அன்று அவர்களைக் கொன்று ஜீப்போடு பள்ளத்தில் தள்ளினார்கள். போன வருடம் இந்தக் கதையை நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்க்கும் அந்தப் பெண் ஒடியாவில் சொன்னாள். முடிந்ததும் பின்வரிசையில் ஒருத்தி மெல்ல எழுந்து சேலை முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். அவ்வளவு நாள் அவள் வாயே திறந்ததில்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதிகம் வேண்டாம். எங்களுக்கு மாதச் செலவில் பெரியது ஆட்டோ வாடகை, அப்புறம் மொழிபெயர்க்கும் பெண்ணின் கூலி, ஜெராக்ஸ், சாயா. குழுவில் பன்னிரண்டு பேர் வாரம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். வந்த பெண்களே இப்போது தங்களுக்குள் ஒரு சீட்டு நடத்துகிறார்கள், பத்துப் பேர், மாதம் ஐந்நூறு. டொமினிகன் பெண்களிடமும் இதே சீட்டு உண்டு, சான் என்பார்கள், எழுத்து இல்லை, ரசீது இல்லை, நாணயம் மட்டும்தான். ஒருத்தி வேலையை விட்டுப் பாதியில் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். எங்கள் சீட்டில் முதல் மூன்று தவணையை யாரும் எடுக்க முடியாது.

கிளம்பும்போது

மழைக்காலம் வந்தால் சூளை வேலை நிற்கும், குடும்பங்கள் கிளம்பும். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் பலர். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி, ஒடிசா வழியாகத்தான் அசாம் போகிறது. அதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பிளாஸ்டிக் உறை தயார் பண்ணுங்கள். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய டி.சி., கர்ப்பிணி என்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைச் சீட்டும், சம்பள நோட்டின் நகல், ஒடியாவில் எழுதிய நம் போன் எண். அசல் அவளிடம், நகல் நம்மிடம். உறையை அவள் கையில் கொடுங்கள், கணவன் கையில் அல்ல. ரயிலுக்கு அவித்த மரச்சீனிக்கிழங்கும் ஏத்தங்காய் வற்றலும் கட்டிக் கொடுப்போம், இரண்டு நாள் கெடாத வற்றல் பிள்ளைகளுக்கு உதவும்.

மருந்துக்கடையில் பார்த்த அந்தப் பெண் பிரசவம் முடிந்து ஊருக்குப் போய், இரண்டு வருடம் கழித்து மகளோடு திரும்பி வந்தாள். இப்போது ஞாயிறு மூன்று மணிக்குப் பதிவு நோட்டை அவள்தான் பிடிக்கிறாள். புதிதாக வருகிறவள் முதலில் பார்ப்பது அவள் முகத்தை. நான் பின்னால் அடுப்படியில் சாயா போடுகிறேன்.